குடிநோய்க்கு இ.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்குவது எப்படி?

என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். மாதச் சம்பளம் 15,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) பிடித்தம் உண்டு. ஒரே வருடத்தில் மூன்று தடவை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய், "காய்ச்சலுங்க டாக்டர்" என்று சொல்லி மூன்று மூன்று நாள் எழுதி வாங்கினான். ஒரு தடவையும் காய்ச்சல் கிடையாது. ராத்திரி குடித்துவிட்டு, காலையில் கை நடுங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன நாட்கள் அவை. ஒன்பது நாள் லீவுக்கு அவன் கணக்கில் ஏறியது மூன்று நாள் பணம், 1,050 ரூபாய். நான்காவது தடவை நானும் கூடப் போனேன். அன்றுதான் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னான். அன்று தொடங்கிய மருத்துவ விடுப்பு 28 நாள் நீண்டது, 9,100 ரூபாய் வந்தது. பணத்தைவிடப் பெரிது, அந்த 28 நாளும் அவனுக்கு முறையான சிகிச்சை கிடைத்தது.

"குடிக்கிறவனுக்கெல்லாம் கவர்மெண்ட் காசு கொடுக்குமா?" என்று எங்கள் அம்மாவே கேட்டார். குடிப்பதற்கு யாரும் கொடுப்பதில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் இருக்கும் நாட்களுக்குத்தான் அந்தப் பணம். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் நோய் என்பதற்குத் தந்த விளக்கம் இதுதான்: மருத்துவச் சிகிச்சையும் கவனிப்பும் தேவைப்படுகிற, அதனால் வேலையிலிருந்து விலகி இருக்க வேண்டிய நிலை. நோய் எப்படி வந்தது என்ற கேள்வி அந்த விளக்கத்தில் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் அது மனநோய் என்பதற்குள் சேர்க்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேட்கலாம். கேட்கும் முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: திடீரென்று நிறுத்த வேண்டாம்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. பல வருடமாகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இடம், நேரம் தெரியாமல் போகும். இல்லாத ஆள் தெரியும், இல்லாத குரல் கேட்கும். கவனிக்காமல் விட்டால் சாவு வரைக்கும் போகக்கூடிய நிலை அது. வீட்டார் "நல்லவேளை, நிறுத்திட்டான்" என்று நிம்மதியாகத் தூங்குகிற இரவுகளில்தான் இது நடக்கிறது.

கோயிலில் நேர்ந்துகொண்டு நிறுத்துவதும், மாலை போட்டு நிறுத்துவதும் நம் ஊரில் உண்டு. அந்த மன உறுதியைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு நேர்ந்துகொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கும் ஃபிட்ஸுக்கும் மாத்திரை தருவார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். ஏற்கெனவே ஃபிட்ஸோ உளறலோ தொடங்கிவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்

சம்பளச் சீட்டை எடுங்கள். இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா? கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. இடையில் சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதக் கணக்கு முடியும்வரை நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள்.

அடுத்தது 78 நாள் கணக்கு. பலர் இங்கேதான் இடறுகிறார்கள். சம்பளத்தில் பிடித்துக் கட்டும் பணம்தான் சந்தா. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தாக் காலம். அதில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அடுத்து வரும் ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை உதவித்தொகை கேட்கலாம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு சந்தாக் காலம்; அது ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரைக்கு உதவும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் உதவித்தொகை கிடையாது. மருத்துவம் மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

ஆறு மாதத்தில் 78 நாள் என்பது சாதாரணமாக வேலைக்குப் போகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. குடிநோய் முற்றியவருக்கு அப்படி இல்லை. திங்கள் லீவு, சம்பளம் வாங்கிய மறுநாள் லீவு, பண்டிகை முடிந்து ஒரு வாரம் லீவு என்று போகப் போக, சம்பளம் இல்லாத ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கிலிருந்தும் கழிகிறது. ரொம்ப முடியாமல் போய் உதவி கேட்டு வரும்போது 70 நாள்தான் இருக்கும். அதனால்தான் எல்லோரிடமும் சீக்கிரம் போங்கள் என்கிறேன். உங்கள் கணக்கு எவ்வளவு என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம், பிராஞ்ச் ஆபீசிலும் கேட்கலாம்.

பிடித்தம் செய்துவிட்டுக் கம்பெனி கட்டாமல் வைத்திருப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் சம்பளச் சீட்டுகளோடு பிராஞ்ச் ஆபீசில் எழுத்தில் கொடுங்கள். இலவச எண் 1800-11-2526.

டாக்டரிடம் என்ன சொல்வது

என் கணக்கில் எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. போகும்போது இ.எஸ்.ஐ. கார்டு, ஆதார், முன்பு எங்காவது அட்மிட் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போங்கள். குடித்துவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் காலையில் கொஞ்சம் போடாமல் எழுந்து நிற்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதையே டாக்டரிடம் சொல்லட்டும், அதுவே நோயின் முக்கியமான அடையாளம்.

"கொஞ்சம் குடிப்பேனுங்க" என்ற பேச்சு உதவாது. கொஞ்சம் என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்? எத்தனை வருடமாக? கடைசியாகக் குடித்தது எப்போது, மணி எத்தனை? காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா? நிறுத்திப் பார்த்தீர்களா, அப்போது என்ன ஆனது? ஃபிட்ஸ் வந்ததுண்டா? ரத்த வாந்தி, கறுத்த மலம், மஞ்சள் காமாலை, கால் வீக்கம்? தூக்கம் எப்படி? செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வேறு தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?

இதோடு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உதவித்தொகைக்கு நோய் இருந்தால் மட்டும் போதாது. அந்த நோயோடு வேலை செய்ய முடியாது என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டும். "கை நடுங்குது, மெஷின் ஊசிக்குக் கீழே விரல் போயிருமோன்னு பயமா இருக்கு" என்று தம்பி சொன்ன ஒரு வாக்கியத்தில் டாக்டரின் முகமே மாறியது. பாய்லர், பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், உயரத்தில் ஏறும் வேலை, வண்டி ஓட்டும் வேலை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நடுக்கத்துக்குத் தரும் மாத்திரைகளும் தூக்கம் வரவழைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாற்றிச் சொல்வதில் மூன்று நஷ்டம். முதலாவது, சரியான மருந்து கிடைக்காது. இரண்டாவது, சின்னச் சின்ன லீவுகளாக வரும். ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது என்பது விதி, அப்படித்தான் தம்பியின் ஒன்பது நாள் மூன்றாகச் சுருங்கியது. மூன்றாவது, பொய் சொல்லிப் பணப்பயன் வாங்குவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

டாக்டர் சீட்டில் 'ஏ.டி.எஸ்.' என்றோ 'எஃப் 10.2' என்றோ எழுதினால் மிரள வேண்டாம். முதலாவது குடிச்சார்பு நோய்க்கான ஆங்கிலச் சுருக்கம், இரண்டாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குரிய எண்.

சர்டிபிகேட்டும் அட்மிஷனும்

டிஸ்பென்சரி டாக்டரே முதல் சர்டிபிகேட்டை எழுதலாம். மனநலப் பிரிவு தேவைப்பட்டால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கோ, அங்கு வசதி இல்லையென்றால் வேறு இடத்துக்கோ ரெஃபரல் கொடுப்பார். ரெஃபரல் சீட்டு வாங்காமல் நீங்களாக எங்கும் போய்ச் சேராதீர்கள். அவசரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ, சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ சேர்ந்துவிட்டால், அட்மிஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதையும் தொலைக்காமல் வைத்திருந்து டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டுங்கள். வெளிச் சான்றுகளையும் பரிசீலிக்க விதி உண்டு. ஆனால் அது தானாக நடக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையங்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ராத்திரியோடு ராத்திரியாக ஆளைத் தூக்கிப் போய் அடைத்து வைக்கும் இடங்கள் இருக்கின்றன. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் யார், எந்த நாட்களில் வருகிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையை விடாதீர்கள். நல்ல இடம் எது என்று கேட்க 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண் உண்டு. மனம் உடைந்து பேச ஆள் வேண்டுமென்றால் டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த தேதி எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதியில் போய் நில்லுங்கள். சர்டிபிகேட்டுகளுக்கு நடுவே விழும் இடைவெளி நாளுக்குப் பணம் வராது.

கம்பெனிக்குச் சொல்வது

அன்றைக்கே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சர்டிபிகேட்டின் படத்தை அனுப்பிவிட்டு, வீட்டார் ஒருவர் மூலம் நகலையும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு இன்னொரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். இதில் சோம்பல் காட்டவே கூடாது. நிலையாணை எனப்படும் வேலையிட ஒழுங்கு விதிகளின் மாதிரியில், சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராமல் இருப்பது ஒழுங்கீனம். வேலையிடத்தில் குடிபோதையில் இருப்பதும் ஒழுங்கீனம். ஒரே ஆள், ஒரே நோய், ஒரே பத்து நாள். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தால் அது மருத்துவ விடுப்பு, இல்லையென்றால் சார்ஜ் ஷீட். சார்ஜ் ஷீட் கையில் வந்த பிறகு டாக்டரிடம் ஓடி, போன வாரத்துக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த டாக்டரும் எழுத மாட்டார்.

மேனேஜரிடம் "ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கிறது, முடிந்ததும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு வருகிறேன்" என்பதற்கு மேல் கதை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவத் துறையினர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டு சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. இப்போது பழைய தொழிலாளர் சட்டங்கள் புதிய தொகுப்புகளுக்குள் வந்துவிட்டன. எனவே நோட்டீஸ் எதுவும் வந்தால் தனியாகப் பதில் எழுதாமல் தொழிற்சங்கத்தில் காட்டிவிட்டு எழுதுங்கள்.

கம்பெனியின் சம்பளத்தோடு கூடிய லீவையும் இ.எஸ்.ஐ. பணத்தையும் ஒரே நாளுக்கு வாங்க முடியாது. நீங்கள் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை என்பதை பிராஞ்ச் ஆபீஸ் கம்பெனியிடம் விசாரித்து உறுதி செய்துகொள்ளலாம்.

பணம் எவ்வளவு, எப்படி

சர்டிபிகேட்டைக் கையோடு பிராஞ்ச் ஆபீசில் கொடுத்து, கோரிக்கைப் படிவம் 9-ஐ நிரப்புங்கள். வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண், பெயர் எழுத்து எல்லாம் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருப்பதால் தேங்கும் பணம் நிறைய.

அந்தச் சந்தாக் காலத்துச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். தம்பிக்கு மாதம் 15,000, நாளுக்கு 500, அதில் 70 சதவீதம் 350. ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. 28 நாளில் முதல் இரண்டு நாள் கழிய 26 நாள், 9,100 ரூபாய். வருடத்துக்கு, அதாவது அடுத்தடுத்த இரண்டு பயன் காலங்களுக்கு (உதவித்தொகை கேட்கக்கூடிய ஆறு மாதம் ஒரு பயன் காலம்) சேர்த்து, 91 நாள் வரை.

பணம் நோயாளியின் கணக்குக்குத்தான் வரும். குடும்பத்துக்கு இது பெரிய கவலை. கையில் பணம் வந்ததும் கால் டாஸ்மாக் பக்கம் திரும்புமே! எங்கள் வீட்டில், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தம்பி தானாக ஏ.டி.எம். கார்டை அவன் மனைவியிடம் கொடுத்தான். பிடுங்கி வாங்கியிருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும். நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், "இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்" என்று பேசி முடிவெடுங்கள்.

உதவித்தொகை ஓடும்போது

சொன்ன இடத்தில் சிகிச்சையைத் தொடர வேண்டும், டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும், கூப்பிட்டால் பரிசோதனைக்கு வர வேண்டும், அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது, குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக் கூடாது. இவை உதவித்தொகை வாங்கும் எல்லோருக்கும் உள்ள நிபந்தனைகள். கடைசி நிபந்தனை குடிநோயாளிக்கு எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் பயந்து டாக்டரிடம் போகாமல் மறைந்துகொள்ளாதீர்கள். தவறியதைச் சொன்னால் மருந்தை மாற்றுவார். மறைந்தால் சிகிச்சையும் நிற்கும், சர்டிபிகேட்டும் நிற்கும். வேறு இடத்தில் தினக்கூலிக்குப் போவதும் கூடவே கூடாது.

வீட்டாருக்கு ஒன்று. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் மாத்திரைகளையும் தொடாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை, நோயாளிக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில்தான் தர வேண்டும். தெரியாமல் தின்றுவிட்டு வழக்கம்போலக் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

91 நாளும் போதாவிட்டால், மறுத்துவிட்டால்

குடிச்சார்பு என்று மட்டும் இருந்தால் 91 நாளோடு முடிந்தது. நீண்டகால நோய்களுக்கென்று 34 நோய்களின் தனிப் பட்டியல் இருக்கிறது, அவற்றுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும். வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் சுருக்க நோய் அந்தப் பட்டியலில் உண்டு. மனச்சிதைவு போன்ற சில மனநோய்களும் உண்டு. குடியோடு இவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் பட்டியலைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து இ.எஸ்.ஐ.யில் இருந்து, முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் காரணம் என்றால், மெடிக்கல் ரெஃபரீ எனப்படும் இ.எஸ்.ஐ.யின் மறுபரிசோதனை டாக்டரிடம் பரிசோதனை கேட்கலாம். பணக் கணக்குத் தகராறு என்றால் இ.எஸ்.ஐ. நீதிமன்றம் வரை போகலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது; நகல்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தால் பிராஞ்ச் ஆபீஸ் மேனேஜரிடமே தீரும்.

மறுபடி வேலைக்கு, மறுபடி தடுமாற்றம்

கடைசிச் சர்டிபிகேட்டில் எந்தத் தேதியில் வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கிறதோ அன்றே போய் நில்லுங்கள். மாத்திரை தொடர்ந்தால் இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கலாம். சாயங்காலம் ஷிஃப்ட் முடியும் நேரம்தான் ஆபத்தான நேரம். முதல் ஒரு மாதம் யாராவது கம்பெனி வாசலுக்குப் போய்க் கூட்டி வாருங்கள். குடிநோயாளிகள் தங்களுக்குள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் இல்லை.

தம்பி வேலைக்குத் திரும்பிய பன்னிரண்டாம் நாள் மறுபடி குடித்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு போன் செய்து, "அக்கா, கை நடுங்குது, டாக்டர்கிட்ட போலாம் வா" என்றான். காய்ச்சல் என்று சொல்லவில்லை. டிஸ்பென்சரி திறக்கும் முன்பே வாசலில் இருந்தோம். முந்தைய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் வந்த இரண்டாவது விடுப்பு என்பதால் அந்தத் தடவை இரண்டு நாள் கழிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே 350 கணக்கானது.